சத்தம் போடாத வேலை மேசை

1. நாலாம் மாடியில் விறகு

நான் வாக்த்மெஸ்தர் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாம் மாதம் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. வாக்த்மெஸ்தர் என்றால் அடுக்குமாடிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். குழாய் ஒழுகினாலும் அவர், படியில் பனி உறைந்தாலும் அவர், மேல்வீட்டுக்காரர் குதித்தாலும் அவர்தான். ஒஸ்லோவில் குரோருட் பகுதியில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, இந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பில் திரிந்த காலம்.

“தம்பி சிவா, மேல்வீட்டிலை விறகு கொத்துறாங்கள்” என்றார் மூன்றாம் மாடி ராணியக்கா.

“அக்கா, நாலாம் மாடியிலை ஆர் விறகு கொத்தப் போகினம்?”

“எனக்கென்ன தெரியும்? நீ வந்து கேட்டுப் பார். விடிய அஞ்சு மணிக்கு எழும்பி வேலைக்குப் போறனான். பின்னேரம் வந்து ஒரு மணித்தியாலம் கண்ணை மூடுவம் எண்டா டொக்கு டொக்கெண்டு மண்டையிலை விழுகுது.”

ராணியக்கா ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தார். யாழ்ப்பாணத்தில் இளவாலைப் பக்கத்துக்காரர். சும்மா முறைப்பாடு சொல்கிற ஆள் அல்ல. “பாக்கிறன் அக்கா” என்று சொல்லிவிட்டு மேலே போய் மணியை அடித்தேன். அந்த வீட்டில் தனியாக இருந்த தூருன் கதவைத் திறந்தாள். கையில் கோடரி.

கோடரியோடு நிற்கும் பெண்ணிடம் முறைப்பாடு சொல்வது லேசான வேலை இல்லை. “நீ விறகு கொத்துறியோ?” என்று கேட்டேன். இந்த நாட்டில் தலைவருக்கும் நீதான், பேருந்து ஓட்டுநருக்கும் நீதான். அவள் சொன்னது நோர்வேஜிய மொழியில். இனி அவளுடைய பேச்சையெல்லாம் என் தமிழில்தான் எழுதுகிறேன்.

“விறகில்லை, வில்லு” என்றாள்.

உள்ளே போய்ப் பார்த்தேன். குடும்பப் படங்கள் தொங்க வேண்டிய சுவரில் ஒன்பது வில்கள் தொங்கின. எல்லாம் மரத்தால் செய்தவை. சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு, சாப்பாட்டு மேசையில் ஒரு நீள மரத்துண்டைக் கவ்வியால் இறுக்கியிருந்தாள். கம்பளம் முழுக்க மரச்சீவல். தூருனுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். காலையில் பேருந்து ஓட்டுவாள், பின்னேரம் வில் செய்வாள். இவ்வளவு காலமும் தம்பியின் தோட்டத்துக் கொட்டிலில் செய்தாளாம். அந்த மாரியில், பனி கொட்டுகிற காலத்தில், தம்பி தோட்டத்தை விற்றுவிட்டான். அதனால் வேலை வீட்டுக்குள் வந்துவிட்டது.

“நிர்வாகசபையிலையிருந்து ஏற்கெனவே ஒரு கடிதம் வந்திட்டுது. இன்னொரு முறைப்பாடு வந்தா நான் நிப்பாட்ட வேணும். நிப்பாட்டுறதெண்டா இந்த வீட்டை வித்துப்போட்டுக் கொட்டில் உள்ள இடமாப் பார்த்துப் போகத்தான் வேணும். இருபது வருசமா இஞ்சை இருக்கிறன், சிவா. எனக்குப் போக விருப்பமில்லை.”

நான் இரண்டாவது முறைப்பாட்டை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவள் கோடரியைக் கீழே வைத்தாள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த நேரத்தில் என் வாய் என்னைக் கேட்காமல் ஒரு வேலை பார்த்தது.

“கீழை பழைய சலவை அறை சும்மாதானே கிடக்குது” என்றேன்.

2. சைக்கிள் சத்தம் போடாது

ஒரு காலத்தில் கட்டடத்தில் எல்லோரும் நிலவறையில் இருந்த பொதுச் சலவை அறையில்தான் துணி துவைத்தார்கள். வீட்டுக்கு வீடு இயந்திரம் வந்தபின் அந்த அறை பூட்டிக் கிடந்தது. நிர்வாகசபைத் தலைவர் ஹரால்ட் அதைச் சைக்கிள் அறையாக்க யோசித்துக்கொண்டிருந்தார். ஹரால்ட் ஓய்வுபெற்ற நில அளவையாளர். பேச்சையும் அளந்துதான் விடுவார்.

“இரண்டு நிபந்தனை” என்றார். “சபை ஒரு குறோண் காசும் தராது. கட்டடத்துக்குள்ள ஒரு சத்தமும் கேட்கக் கூடாது. மே மாதப் பொதுக்கூட்டத்தில வாக்கெடுப்பு. அதுக்குள்ள சத்தம் கேட்டா அறை சைக்கிளுக்கு. சைக்கிள் சத்தம் போடாது.”

“சரி” என்று நான் பொறுப்பெடுத்தேன். ஆறு வாரம் இருந்தது.

3. எறிந்ததெல்லாம் சாமான்

வேலை மேசை என்றதும் நான் சாப்பாட்டு மேசையின் அண்ணன் என்று நினைத்துக்கொண்டேன். தூருன் என் நினைப்பை முதல் நாளே திருத்தினாள். வில் மேசை ஒடுக்கமாக இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு பக்கமும் நடந்து வேலை செய்யலாம். இடுப்புக்குச் சற்று மேலே நிற்க வேண்டும், அப்போதுதான் மரத்தின் ரேகை கண்ணுக்குக் கிட்டத் தெரியும். கவ்வி மரத்தை நசுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக மேசை அசையவே கூடாது.

“அசைஞ்சா என்ன?” என்று கேட்டேன்.

அவள் ஒரு எல்ம் மரத்துண்டை எடுத்து நுனியில் இருந்த ஆண்டு வளையங்களைக் காட்டினாள். வில்லின் முதுகில் ஒரே வளையம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அறுபடாமல் ஓட வேண்டுமாம். இரண்டு பக்கமும் பிடி உள்ள இழுப்புக் கத்தியால் மேல் வளையங்களைச் சீவிச் சீவி அந்த ஒன்றுக்கு இறங்குவார்கள். மேசை ஒரு விரல்கடை அசைந்தாலும் கத்தி வளையத்தை வெட்டிவிடும். பிறகு வில்லை இழுக்கும்போது அந்த இடத்தில்தான் முறியும், அதுவும் முகத்துக்கு நேரே.

சாமானுக்கு நாங்கள் கடைக்குப் போகவில்லை. சலவை அறையிலேயே துணி மடிக்கிற நீள மேசை ஒன்று இருந்தது. பிர்ச் பலகை, ஐந்து சென்டிமீற்றர் தடிப்பு. சவர்க்காரத் தண்ணீர் குடித்துக் குடித்து வெளுத்துப்போயிருந்ததே தவிர, ஒரு வெடிப்பு இல்லை. அதை நாற்பது சென்டிமீற்றர் அகலத்துக்கு அறுத்தோம். இரண்டு மீற்றர் நீளம் வந்தது. கால்களுக்கு, அந்த வருடம் இடித்த சாமான் அறைகளின் தடுப்புச் சட்டங்கள். கீழ்த்தட்டுக்கு ஒரு நிலவறைக் கதவு. மூலையில் ஈரத்துணி பிழிகிற பழைய உருளை இயந்திரம் நின்றது. அதன் இரும்புத் திருகைக் கழற்றி எண்ணெய் போட்டதும் வெண்ணெய் போலச் சுழன்றது. அதுதான் எங்கள் கவ்வி. கவ்வியின் வாய்க்கு, சலவை இயந்திரத்தின் றப்பர்க் குழாயை நெடுக்காகக் கிழித்து ஒட்டினோம். கோடரி வேலைக்கு, மாரிக்காற்றில் முற்றத்தில் விழுந்த பிர்ச் மரத்தின் அடிக்குற்றி ஒன்றை மேசையின் நுனியோடு சேர்த்துப் பூட்டினோம்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பின்னேரம் மூன்றரைக்கு அவள் பேருந்துச் சீருடையோடு நேரே கீழே வருவாள். நான் தேநீர்ப் போத்தலும் உழுந்து வடையும் கொண்டுவருவேன். “குப்பைக் கொள்கலனுக்குப் போறவன் எல்லாம் எறியத்தான் போவான், நீ எடுக்கப் போறாய்” என்று என்னை நக்கலடிப்பாள். நான் எதைக் கண்டாலும் உதவும் என்று எடுத்து வைக்கிறவன்தான். ஆணியை நிமிர்த்தி வைத்திருக்கிற ஒரே வாக்த்மெஸ்தர் நானாகத்தான் இருப்பேன். முற்றத்து நடைபாதையில் மூலை உடைந்துபோன நடைகற்களைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். அந்தப் பாதையில் ஒரு முழுக் கல் மட்டும் நான் வேலைக்கு வருமுன்பே காணாமல் போயிருந்தது. ஹரால்ட் அதை ஒவ்வொரு கூட்டத்திலும் விசாரிப்பார். அளவையாளருக்குக் கணக்கில் ஒரு கல் குறைந்தால் சோறு இறங்காது.

4. எட்டு மாடியும் எழும்பியது

மேசை முடிந்தது. அசையக் கூடாது என்றாளே? அசைகிற எதையும் சுவரில் பூட்டுவதுதான் என் சமயம். குற்றி இருந்த நுனியைச் சுவரோடு தள்ளி, கொங்கிறீற்றில் நாலு துளை போட்டு, நாலு நீள போல்ட் இறக்கி முறுக்கினேன்.

“சுவரிலையோ?” என்று தூருன் ஒருமுறை கேட்டாள்.

“யானை வந்து முட்டினாலும் அசையாது” என்றேன்.

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு வெள்ளோட்டம். அவள் குற்றியில் மரத்தை நிறுத்திக் கோடரியால் மூன்று கொத்துக் கொத்தினாள். மேசை கடுகளவும் அசையவில்லை. நான் கைதட்டினேன். கைதட்டி முடியவில்லை, தொலைபேசி அடித்தது. முதலாம் மாடி. அதை வைக்கமுன் ஆறாம் மாடி. எட்டாம் மாடிக்காரர் கட்டடத்தை இடிக்கிறீர்களா, முன்கூட்டி அறிவிக்க வேண்டாமா என்று கேட்டார்.

கடைசியாக ராணியக்கா.

“தம்பி, முந்தி மேலையிருந்துதான் வந்தது. இப்ப சுவருக்குள்ளையிருந்து வருது. கோப்பையெல்லாம் தாளம் போடுது. என்னடா செய்தனி?”

நான் செய்தது இதுதான். கொங்கிறீற்றுக் கட்டடம் அடியிலிருந்து நுனிவரை ஒரே துண்டு. அதன் காலில் கோடரியைப் பூட்டிவிட்டேன். ஒவ்வொரு கொத்தும் சுவர் வழியே ஏறி எல்லா வீட்டுக்கும் போனது. நான் வளர்ந்தது தரை வீட்டில். சுவருக்கு மேலே ஓடு, ஓட்டுக்கு மேலே காகம். சுவரில் என்ன அடித்தாலும் காகம்தான் பறக்கும். சுவருக்கு மேலே இன்னும் ஏழு குடும்பம் படுத்திருக்கும் என்ற புத்தி, அத்தனை சாவி வைத்திருந்த எனக்கு வரவில்லை.

ஹரால்ட் இறங்கி வந்தார். சத்தம் போடவில்லை. போல்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கு. வாக்கெடுப்பு நடக்கட்டும், ஆனா நான் சைக்கிள் ஸ்டாண்டுக்கு விலை கேட்கிறன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தூருன் மேசையைக் கையால் தடவிக்கொண்டு நின்றாள். “நல்ல மேசை, சிவா. ஆனா வீடு விக்கிற ஆளைத் திங்கட்கிழமை வரச் சொல்லப் போறன்.”

அவள் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை.

5. ராணியக்காவின் உரல்

ஞாயிறு பின்னேரம் மன்னிப்புக் கேட்க ராணியக்கா வீட்டுக்குப் போனேன். கதவு திறந்ததும் மூன்று தும்மல் தும்மினேன். வீடு முழுக்க வறுத்த மிளகாயும் மல்லியும் மணத்தது. சமையலறை நிலத்தில் இரும்பு உரல். பக்கத்தில் சின்ன உலக்கை.

“அக்கா, இடிச்சுக்கொண்டோ இருந்தனீங்கள்?”

“ஓம். மிசினிலை அரைச்சா இந்த மணம் வராது. இரு, அரைவாசியிலை நிக்குது, முடிச்சிட்டு வாறன்.”

அவர் உலக்கையைத் தூக்கிப் போட்டார். டங்கென்று உரல் பாடியது. நான் மணியடித்துவிட்டுக் கதவுக்கு வெளியே ஒரு நிமிடம் நின்றிருக்கிறேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஒஸ்லோவில் அடுக்குமாடியில் உரல் இடிக்கிற வீட்டைப் பற்றி எனக்கு ஐந்து மாதமாக ஒரு முறைப்பாடும் வந்ததில்லை. நான் நிலத்தில் முழங்காலிட்டுக் குனிந்தேன்.

உரல் ஒரு சதுரக் கல்லின்மேல் நின்றது. கல் ஒரு தட்டையான பாஸ்மதிச் சாக்கின்மேல் கிடந்தது. சாக்குக்குள் ஏதோ நெளிந்தது.

“உள்ளுக்கு என்னக்கா?”

“மண். மாரியிலை பாதை வழுக்காமல் இருக்கக் கொட்டுறீங்களே சல்லி மண், அதுதான். பங்குனியிலை கூட்டிக் குவிச்சு வைப்பியள், அதிலை ஒரு வாளி எடுத்தனான். உனக்கு முந்தி இருந்த வாக்த்மெஸ்தரின்ரை காலத்திலை.”

“அப்ப கல்லு?”

ராணியக்கா உலக்கையைக் கொஞ்சம் மெதுவாகப் போட்டார். “அதுவும் முத்தத்துக் கல்லுத்தான்.”

ஹரால்ட் ஆண்டுக்கணக்காகத் தேடிய கல் மல்லித்தூள் பூசிக்கொண்டு என் முன்னால் இருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார்.

வந்த புதிதில் கீழ்வீட்டு மனிசி தடியால் தன் வீட்டு முகட்டில், இவருடைய நிலத்துக்கு அடியில், இடித்தாராம். அன்றிலிருந்து ராணியக்கா ஒவ்வொன்றாகப் பரிசோதித்திருக்கிறார்.

“முதல்லை பலகை வைச்சன், சரிவரேல்லை. சாக்கை மடிச்சு வைச்சன், சரிவரேல்லை. மண்ணைச் சாக்கிலை இறுக்கிக் கட்டி வைச்சன், அது கல்லு மாதிரிப் போய் இன்னும் கூடக் கேட்டுது. பேந்துதான் அரைச் சாக்குத்தான் போடோணும், தளர விடோணும் எண்டு பிடிச்சன். மண் உள்ளுக்கை ஓடித் திரியோணும். அப்பதான் அடியை அது விழுங்கும். மேலை கல்லு வைச்சா உரல் ஆடாது.”

“அக்கா, இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே?”

“ஆர் கேட்டது? ‘பாக்கிறன் அக்கா’ எண்டுபோட்டுப் போனனி. அவளுக்கு அறை குடுத்தாய், மேசை அடிச்சாய், சுவரிலை ஓட்டை போட்டாய். எனக்கு எப்பிடிக் கேக்குது, எங்கையிருந்து வருது எண்டு ஒரு நாள் வந்து கேட்டனியோ?”

அவர் தந்த தேநீரைக் குடித்துவிட்டு, “இப்ப கேக்கிறன் அக்கா” என்றேன்.

அவர் அலுமாரியைத் திறந்தார். மடித்து அடுக்கிய பாஸ்மதிச் சாக்குகள், இழுத்து மூடும் ஸிப் வைத்தவை, இருபதுக்கு மேல். எந்த யாழ்ப்பாணத்து வீட்டிலும் அரிசி முடிந்தபின் சாக்கை எறிவதில்லை. ஏன் எறிவதில்லை என்று எனக்கும் அன்றுதான் விளங்கியது.

6. தட்டிப் பார்த்தல்

திங்கட்கிழமை நான் உரல் கதையைச் சொன்னதும், தூருன் வீடு விற்கும் ஆளைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கூட்டம் முடிந்தபின் வரச் சொன்னாள். நான் போல்டுகளைக் கழற்றி மேசையைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தேன். ராணியக்கா வேலை முடிந்ததும் நித்திரையை விட்டுவிட்டுக் கீழே வந்தார். ஒரே கூரையின் கீழ் இருந்த இரண்டு பெண்களும் அன்றுதான் நேருக்கு நேர் நின்றார்கள். ராணியக்காவின் நோர்வேஜிய மொழி ஆஸ்பத்திரிச் சமையலறையில் படித்தது. கொஞ்சம் உரக்க வரும், ஆனால் வளைவு இல்லை.

“இந்த வில்லாலை ஆரைச் சுடுறாய்?”

“ஒருத்தரையும் இல்லை. வைக்கோல் பொதியை.”

“வைக்கோலையோ? அதுக்கே இவ்வளவு சத்தம்?”

தூருன் சிரித்த சிரிப்பு நிலவறை முழுக்கக் கேட்டது. பிறகு ராணியக்கா மேற்பார்வையாளர் ஆகிவிட்டார். நான் முற்றத்தில் குவிந்திருந்த சல்லி மண்ணைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தேன். ஒவ்வொரு காலுக்கும் குற்றிக்கும் கீழே அரைச் சாக்கு மண், அதன்மேல் மூலை உடைந்த நடைகல். நான் பழக்கதோஷத்தில் சாக்கை இறுக்கப் போனபோதெல்லாம் என் கையில் ஒரு தட்டு விழுந்தது. “தளர விடு. உன்னட்டை இறுக்கிறதைத் தவிர வேறை பழக்கமே இல்லையோ?”

மேசை நடக்காமல் இருக்கப் பாரம் வேண்டுமே. கீழ்த்தட்டில் பத்துச் சாக்கு, அதில் மட்டும் நிறைய மண். அவ்வளவையும் ஏற்றியபின் தூருன் இழுப்புக் கத்தியைப் போட்டு முழுப்பலத்தோடு இழுத்துப் பார்த்தாள். சீவல் நாடா மாதிரிச் சுருண்டு வந்தது. மேசை நின்ற இடத்தில் நின்றது.

நான் மூன்றாம் மாடிக்கு ஓடினேன். ஐந்தாம் மாடிப் படியில் காதைச் சுவரில் வைத்தேன். எட்டாம் மாடிக்காரர் என்னைப் பார்த்து வைத்தியரிடம் போகச் சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை. கீழே இறங்கி, “எப்ப தொடங்கப் போறாய்?” என்று கேட்டேன். “நாப்பது கொத்துக் கொத்தியாச்சு” என்றாள் தூருன். அந்த இடத்தில்தான் அடுத்த யோசனை எனக்கு வந்தது.

7. பொதுக்கூட்டம்

பொதுக்கூட்டம் நடந்த மண்டபம் நிலத்தளத்தில் இருந்தது. சலவை அறைக்கு நேர் மேலே. மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது. ஐம்பது பேர்வரை வந்திருந்தார்கள். தூருனின் நாற்காலி வெறுமையாக இருந்தது. பயந்து வரவில்லை என்று யாரோ சொன்னார்கள். நான் பின்வரிசையில் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

கணக்கு, கூரை, குப்பை எல்லாம் முடிந்து ஏழு மணிக்குச் சலவை அறை வந்தது. எட்டாம் மாடிக்காரர் எழுந்து, அன்று தன் படுக்கை அதிர்ந்ததைக் கையால் நடித்துக் காட்டினார். ஆறாம் மாடி தலையாட்டியது. ஹரால்ட் கண்ணாடியைக் கழற்றினார்.

“காதால கேட்டுத்தான் முடிவெடுக்க வேணும். எல்லாரும் அமைதியா இருங்கோ. சிவா, கீழ போய்த் தூருனைத் தொடங்கச் சொல்லு.”

நான் எழுந்து நின்றேன்.

“அவள் ஆறு மணிக்கே தொடங்கிட்டாள்” என்றேன்.

ஐம்பது பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். ஹரால்ட் நம்பவில்லை. விறுவிறென்று படியிறங்கினார். அரைக் கூட்டமும் பின்னால் இறங்கியது. நான் இரும்புக் கதவைத் திறந்ததும் கோடரிச் சத்தம் முகத்தில் அறைந்தது. தூருன் தலைமுடி முழுக்க மரச்சீவலோடு நிமிர்ந்து பார்த்தாள். ஒரு மணித்தியாலத்தில் ஒரு முழு மரத்துண்டை வில்லின் உருவத்துக்குக் கொண்டுவந்திருந்தாள்.

“முடிஞ்சுதோ?” என்று கேட்டாள்.

ஹரால்ட் குனிந்து மேசையின் கால்களைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். கற்களை எண்ணினார். ஒரு கல்லில் மட்டும் மூலை உடையவில்லை. அதை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். காலையில்தான் ராணியக்கா தன் உரலுக்குக் கீழிருந்த கல்லைக் கொண்டுவந்து கடைசிக் காலுக்கு வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மேலே வந்து வாக்கெடுக்கமுன் ஹரால்ட் ஒரு கேள்வி கேட்டார். “தூருனுக்கு நேர் கீழ இருந்து அதிகம் சத்தம் கேட்டது நீதானே, ராணி? நீ இந்த ஒரு மணித்தியாலம் என்ன கேட்டாய்?”

“உன்ரை கதிரை கிரீச் கிரீச் எண்டுறதைக் கேட்டனான்” என்றார் ராணியக்கா. “அதுக்கும் ஒரு சாக்குத் தரட்டோ?”

சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. முதலில் உயர்ந்தது ராணியக்காவின் கை. எட்டாம் மாடிக்காரரின் கையும் மெதுவாக உயர்ந்தது. எதிர்த்து ஒரு கையும் இல்லை. தூருன் கூட்டத்தின் நடுவே என்னைக் கட்டிப்பிடித்து என் சட்டையெல்லாம் சீவலாக்கினாள். எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை. வீடு விற்கும் ஆள் வரவே இல்லை.

அதன்பின் பல வருடம் அந்த மேசையில் தூருன் வேலை செய்தாள். நான் ஓய்வுபெற்ற நாளில் எனக்கு ஒரு வில் தந்தாள். ராணியக்காவுக்கு அதற்கு முன்பே ஒன்று போய்விட்டது, கோயில் வேட்டைத் திருவிழாவில் சாமியின் கையில் வைக்க.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். முறைப்பாடு வந்தால் உடனே ட்ரில்லைத் தூக்காதீர்கள். முறைப்பாடு சொன்னவர் வீட்டுக்குப் போங்கள். சப்பாத்தைக் கழற்றி உள்ளே இருந்து, தேநீர் குடித்து, எப்படிக் கேட்கிறது என்று கேளுங்கள். அந்தச் சத்தத்தை அவரளவுக்குக் கவனித்தவர் கட்டடத்தில் வேறு யாரும் இல்லை.

என் காலத்தில் அந்தக் கட்டடத்தில் நான் பூசி அடைக்காத ஓட்டை கிடையாது. சலவை அறைச் சுவரில் இருக்கும் அந்த நாலு போல்ட் ஓட்டைகளை மட்டும் விட்டுவைத்தேன். சாவிக்கொத்தைப் புது வாக்த்மெஸ்தரிடம் கொடுத்த அன்று, கொதிகலனைக் காட்டமுன் அவற்றைத்தான் காட்டினேன்.